ஆறாம் நம்பர் சாவி

கடலுக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ரோடு. அதைக் கடைசியாக எப்போது தாண்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

கடல் என்றால் அவளுக்கு மணல். மணல் என்றால் துடைப்பம். எட்டு அறைகள் கொண்ட அந்த விடுதிக்குக் கோடையில் வருகிற குடும்பங்கள் பகல் முழுக்க அலையில் கிடந்துவிட்டுத் திரும்பும்போது, ஆளுக்குக் கொஞ்சம் கடற்கரையையும் கூடவே கொண்டுவருவார்கள். காது மடலில், தலைமுடியில், குழந்தைகளின் ஜட்டிக்குள். குளித்தால் அது குளியலறைச் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். குளிக்காமல் படுத்தால் விரிப்பில் ஒட்டிக்கொள்ளும். வளைந்த கம்பியை விட்டுச் சல்லடையைக் குடைவதும், விரிப்புகளை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்ச் சுவரில் அடித்து உதறுவதும் அக்காவின் வேலை. உதறாமல் மெஷினில் போட்டால் மெஷின் போய்விடும். அதனால் தினமும் விடிந்ததும் படார், படார் என்று மாடியில் சத்தம் கேட்கும்.

அக்கா என்பது அவள் பேர் அல்ல. பேர் இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்துவிட்டது. "அக்கா, தண்ணி வரல." "அக்கா, இன்னொரு தலையணை கிடைக்குமா?" "அக்கா, பாப்பா கட்டில்லயே வாந்தி எடுத்துட்டா." பல்செட்டுக் கட்டிய கிழவர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். மாடியிலிருந்து ஒரு 'அக்கா' விழுந்தால் போதும், கையில் இருப்பது கீழே இறங்கும், கால் படியேறும். மனசுக்கு அப்புறம்தான் தகவல் போகும்.

அவள் கணவருக்கு ஊரார் வைத்த பேர் சாவிக்காரர். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்து. அவர் வருவதற்கு முன்னால் அவர் சத்தம் வரும்.

முன்கூடத்து மேசைக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் எண் எழுதிய மரத்துண்டோடு ஒரு சாவி. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த ஏற்பாடு ஒன்று அந்தப் பலகையில் இருந்தது. ஓர் அறையைக் கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்றி, எல்லாம் தயார் என்றால் அக்கா அந்தச் சாவியை எண் முன்பக்கம் தெரிய மாட்டுவாள். ஆள் தங்கியிருக்கிற அறையின் சாவி, அவர்கள் வெளியே போகும்போது கொடுத்துவிட்டுப் போனால், எண் தெரியாமல் திரும்பித் தொங்கும். எண் தெரிந்தால் கொடுக்கலாம். தெரியாவிட்டால் கூடாது. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சீசனில் பேசிக்கொள்ள யாருக்கு நேரம் இருக்கிறது? பலகைதான் அவர்களுடைய பேச்சு.

அந்தக் கோடையில் பல் டாக்டர் குடும்பம் வரவில்லை. வருஷா வருஷம் மாடியில் முன்பக்கம் இருக்கிற ஆறாம் நம்பர் அறைக்கு வருகிறவர்கள். டாக்டர் காலை உடைத்துக்கொண்டுவிட்டார் என்று தகவல் வந்தது. அவர்களுக்காகப் போட்டிருந்த விரிப்பைத் தட்டிச் சரிசெய்யப் போன அக்கா, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

கீழே மூன்று பேர் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. சாவிச் சத்தம் படியேறி வந்தது.

"என்ன இங்க உக்காந்துட்டே? உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எழுந்திருக்கத்தான் முடியல."

"தலை சுத்துதா? டாக்டர்கிட்ட போலாமா?"

"டாக்டர் வேணாம். டாக்டரோட ரூம் போதும்."

சாவிக்காரர் சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தோன்றியது.

"எனக்கு ஒரு நாள் வேணுங்க" என்றாள். "இந்த ரூம்ல. தங்க வர்றவங்க மாதிரி. நீங்க, நான், பிள்ளைங்க. சும்மா இருக்கணும். கடலுக்குப் போகணும். திரும்பி வரணும். தூங்கணும். யாரும் என்னை எதுக்கும் கூப்பிடக் கூடாது."

"சீசன் முடியட்டும். நாம எங்கயாச்சும்..."

"இதைத்தான் நம்ம சின்னவ தொட்டில்ல கிடந்தப்பவும் சொன்னீங்க. அவ இப்ப சைக்கிள் ஓட்டறா."

"சரி, இந்த வாரம் மட்டும் தள்ளிவிடு. ரெண்டு கல்யாண கோஷ்டி வருது..."

"அப்ப நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். சாயங்கால பஸ்ல ஏறிடறேன். அங்க கடலே கிடையாது. சுத்திப் பாறைதான். மணலே இல்லாத ஊரு."

"எப்ப திரும்புவே?"

"தெரியல."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். அவள் சத்தம் போட்டால் அரை மணியில் சரியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது அவள் பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"சரி" என்றார். "நாளைக்கு மத்தியானத்துலேர்ந்து. மறுநாள் சாயங்காலம்வரைக்கும். யார் பேர்ல பதியட்டும்?"

"என் பேர்ல" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, எழுந்து, கீழே போய்ச் சல்லடையைக் குடைந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் பின்கட்டு வழியாக வெளியே போனாள். சமையலறைக்குப் பின்னால், நம்பர் இல்லாத ஒற்றை அறையில்தான் அவர்கள் நால்வரும் குடியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, விடுதியைச் சுற்றி, ரோட்டுப் பக்கமாக வந்து, முன்வாசலில் நின்று மணியடித்தாள்.

மேசையில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கிற்று.

"ரூம் இருக்கா?" என்றாள் அக்கா.

"எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"குழந்தைங்க படுக்கையில ஒண்ணுக்குப் போவாங்களா?"

"ஒருத்தி ரெண்டாம் கிளாஸ் வரைக்கும் போனா."

"அம்மா!" என்று கண்ணாடியைக் கழற்றினாள் சின்னவள்.

பெரியவள் மாடிப்படியில் நின்று சிரித்தாள். அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். அன்று ஒரு நாள் விரிப்பு, சல்லடை, துடைப்பம் எல்லாம் தன் பொறுப்பு என்று அவளே சொல்லியிருந்தாள். கையில் ஏற்கெனவே சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சாவிக்காரர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, "சுடுதண்ணி காலைல மட்டும்தான் வரும் மேடம்" என்றார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலைத் தேய்த்துப் பார்த்தாள். "என்னங்க இது, தரையெல்லாம் மணலா இருக்கு?"

"கடற்கரைன்னா மணல் இருக்கத்தான் செய்யும் மேடம்."

"இதை யார்ங்க கூட்டினது?"

"ஒருத்தி இருக்கா. வேலையெல்லாம் சுத்தம். வாய்தான் கொஞ்சம் அதிகம்."

அவள் தலையணையை எடுத்து எறிந்தாள். அவர் குனிந்து தப்பித்தார். சாவிக்கொத்து குலுங்கிற்று. அந்த அறையில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. உண்மையில், சேர்ந்து அந்த அறையில் நின்றே வெகுகாலம்.

கீழே மணி அடித்தது. "அஞ்சே நிமிஷம்" என்று அவர் இறங்கிப் போனார்.

அக்கா படுத்துப் பார்த்தாள். ஆயிரம் தடவை விரிப்பு விரித்த கட்டில். அதில் முதுகு படுவது இதுதான் முதல் தடவை. படுத்ததும் சில விஷயங்கள் தெரிந்தன. மின்விசிறி லேசாகத் தலையாட்டிக்கொண்டு சுற்றுகிறது. சுவர்க் கண்ணாடி உயரத்தில் மாட்டியிருக்கிறது, அவளுக்கு நெற்றிக்கு மேல்தான் தெரியும். எல்லாவற்றையும்விட, 'கடல் தெரியும் அறை' என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த அறையில், படுத்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. எழுந்து நின்றால்தான் கடல். பல் டாக்டர் இத்தனை வருஷமாக அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டா படுத்திருந்தார்? ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்!

அன்று சாயங்காலம் கடலுக்குப் போகவில்லை. சாவிக்காரரின் ஐந்து நிமிஷம் இருட்டும்வரை முடியவில்லை. கல்யாண கோஷ்டியில் ஒருவருக்கு ஜன்னல் மூடவில்லை, இன்னொருவருக்குத் திறக்கவில்லை. பெரியவள் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடினாள். அக்காவும் சின்னவளும் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீழே யாரோ "அக்கா" என்றார்கள். அக்காவின் கால் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டது. சின்னவள் அந்தக் காலைப் பிடித்துத் தூக்கி மறுபடி கட்டிலில் வைத்தாள்.

"நீ அக்கா இல்ல இன்னைக்கு."

"ஆமாம்ல" என்றாள் அக்கா.

விடிந்தபோது சாவிக்காரர் வெறும் மெத்தையில் கிடந்தார். போர்வை இல்லை, விரிப்பு இல்லை, தலையணை உறைகூட இல்லை. எல்லாம் சதுரமாக மடித்துக் கதவோரம் அடுக்கப்பட்டிருந்தன. அக்கா பக்கத்தில் நின்று கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா உருவினே?"

"எனக்கே தெரியலங்க. எழுந்தேன். உருவிட்டேன் போலிருக்கு."

"ஆளையும் சேத்து மடிக்காம விட்டியே."

மொட்டை மாடியிலிருந்து படார், படார் என்று சத்தம் வந்தது. பெரியவள் உதறுகிறாள். அறைக்குள்ளிருந்து கேட்கும்போது அது தலைக்குள்ளேயே அடிப்பதுபோல இருந்தது. விடியற்காலையில் இது என்ன இரைச்சல் என்று போன வருஷம் ஒரு பெண் சண்டை போட்டாள். மணலோடு படுத்துக்கொள் என்று அக்கா அவளுக்குப் பதில் சொல்லியிருந்தாள். பாவம், அந்தப் பெண் சொன்னது நியாயம்தான்.

"நீங்க எப்ப வர்றீங்க கடலுக்கு?"

"எல்லாருக்கும் டீ குடுத்துட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. அஞ்சே நிமிஷம்."

அவர் இறங்கிப் போனதும், சின்னவள் குளித்துவிட்டு வருவதற்குள், புது விரிப்பை எடுத்து விரித்தாள். நான்கு மூலையும் செருகினாள். தலையணைக்கு உறை மாட்டினாள். கூட்டினாள், துடைத்தாள், குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். தன் பையைத் தரையில் பார்த்ததும் அலமாரிக்குள் தள்ளி மூடினாள். அறையைப் பூட்டி, மகளோடு கீழே வந்து, மேசையில் யாரும் இல்லாததால் தானே சாவியை ஆணியில் மாட்டினாள். போகிற வேகத்தில் அவள் கை அதைத் திருப்பிச் சரியாக வைத்தது.

பிறகு ரோட்டைத் தாண்டினாள்.

கடற்கரை முகப்பில் ஐஸ் விற்கிறவர் பெட்டி மேல் துணியை விரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி நிமிர்ந்தார்.

"என்னக்கா, யாரு குழந்தையைக் காணோம்?"

"யாரு குழந்தையும் காணாமப் போகல."

"அப்ப செருப்பா? வாட்சா? நேத்து ஒரு வாட்ச் கிடைச்சுது..."

"ஒண்ணும் தேடல. நான் சும்மா வந்தேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மாவா?" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து இரண்டு குச்சி ஐஸை எடுத்து நீட்டினார். "அப்ப இதைப் பிடிங்க. சும்மா வந்தவங்களுக்கு."

ஐஸ் ஆரஞ்சு நிறம். நாக்கில் பட்டதும் பல் கூசிற்று. சின்னவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். அக்காவும் கழற்றினாள். ஈர மணல் பாதத்துக்கு அடியில் உறுதியாக இருந்தது. பிறகு ஓர் அலை வந்து, போகும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போயிற்று. அவள் தள்ளாடிச் சின்னவள் தோளைப் பிடித்தாள்.

"இது உருவுதுடி!"

"நீ மட்டும்தான் உருவுவியா?" என்றாள் மகள்.

முழங்கால்வரை போனார்கள். பிறகு இடுப்புவரை. துணி நனைந்து கனத்தது. ஒரு பெரிய அலை இருவரையும் கவிழ்த்தது. அக்கா வாயெல்லாம் உப்போடு எழுந்து, மூக்கைச் சிந்தி, மறுபடி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே அலையை வாங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. சுற்றிலும் எத்தனையோ பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கத்தலும் அவளுக்கானது இல்லை. அது என்ன மாதிரி இருந்தது என்றால், ரொம்ப நாளாகத் தலையில் சுமந்த அண்டாவை யாரோ பின்னாலிருந்து தூக்கிக்கொண்ட மாதிரி. கழுத்து மட்டும் இன்னும் அதை நம்பவில்லை.

கரையில் துண்டை விரித்துப் படுத்தாள். கண்ணை மூடினாள். அடுத்து அவள் திறந்தபோது வெயில் உச்சிக்குப் போயிருந்தது. சின்னவள் அவள் கால்களை முழங்கால்வரை மணலில் புதைத்து, மேலே சிப்பி குத்தியிருந்தாள்.

"அம்மா, நீ குறட்டை விட்டே. ஒரு அங்கிள் திரும்பிப் பார்த்தாரு."

"பாக்கட்டும். அப்பா வந்தாரா?"

சின்னவள் சிப்பியைச் சரிசெய்தாள்.

"சரி வா. ரூமுக்குப் போயி குளிச்சிட்டு, அந்தக் கட்டில்ல படுத்து, சாயங்காலம்வரைக்கும் தூங்கப்போறேன். அவர் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

மறுபடி ஒரு தடவை அலையில் முங்கிவிட்டு, ஈரமும் மணலுமாக இருவரும் விடுதிக்குள் நுழைந்தார்கள். மேசையில் ஆள் இல்லை. ஆறாம் நம்பர் ஆணி காலியாக இருந்தது. அவர் மேலேதான் இருக்கிறார் என்று நினைத்து அக்கா படியேறினாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

அவள் விரித்த விரிப்பின் நடுவில் ஒரு கைக்குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் இளம்பெண். ஜன்னலோரம் ஓர் ஆள் சட்டையைக் கழற்றிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். குளியலறையில் வாளி நிரம்பி வழியும் சத்தம்.

அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்தாள். எழுந்து சத்தமில்லாமல் வந்தாள்.

"நீங்கதான் அக்காவா? கீழ சார் சொன்னாரு, எதுனாலும் அக்காவைக் கேளுங்கன்னு." தணிந்த குரலில் பேசினாள். "இப்பதான் தூங்கறான். ராத்திரி பூரா ரயில்ல ஒரே அழுகை. அக்கா, கொஞ்சம் பால் மட்டும் சூடு பண்ணித் தர முடியுமா, அவன் எழுந்தா?"

அக்கா குனிந்து பார்த்தாள். துணியிலிருந்து தரையில் சொட்டியது. துடைத்த தரை.

"ஆங், மறந்துட்டேன்" என்று அந்தப் பெண் அலமாரியைத் திறந்து பையை எடுத்து நீட்டினாள். "முன்னால இருந்தவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க போல. அவங்களைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றாள் அக்கா. "குடுத்துடறேன்."

கீழே சாவிக்காரர் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். அவள் கையில் பையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"அந்தக் குழந்தை கத்திட்டே இருந்துச்சு" என்றார். "வெயில்ல நின்னாங்க. எங்கயும் ரூம் இல்லைன்னாங்க. நான் பலகையைப் பார்த்தேன். ஆறு, நம்பர் தெரிய தொங்குது. கை எடுத்துக் குடுத்துடுச்சு. அவங்க மேல போன அப்புறம்தான் எனக்கு மண்டையில உறைச்சுது."

"உறைச்சதும் ஏன் திரும்ப வாங்கல?"

"போனேன். குழந்தை தூங்கிடுச்சு."

அக்கா பலகையைப் பார்த்தாள். நம்பர் தெரிய. அப்படி மாட்டுகிற கை அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

"நான்தான் மாட்டினேன்" என்றாள்.

"இல்ல, நான் பாக்காம..."

"கூட்டித் துடைச்சி, விரிப்பு போட்டு, நானே என்னை வெளிய அனுப்பிட்டுப் போயிருக்கேன்." சிரிக்க முயன்றாள். அது சிரிப்பாக வரவில்லை. "நம்ம ரெண்டு பேரும் விளங்கமாட்டோங்க. நமக்கு ஒரு நாள் குடுத்தாலும் அதை யாருக்காவது வாடகைக்கு விட்டுடுவோம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போனாள்.

சாவிக்காரர் அங்கேயே நின்றார். பிறகு வாசலுக்கு வந்தார். அவள் எதிர்ப்பக்க ரோட்டோரம் நின்றிருந்தாள். வளைவில் பஸ் வந்துகொண்டிருந்தது. சாயங்கால பஸ் இல்லை, இது மத்தியான பஸ். ஆனால் இதுவும் தங்கச்சி ஊர் வழியாகத்தான் போகும். பஸ் அவளை மறைத்துக்கொண்டு நின்றது. யாரோ இறங்குகிறார்கள், யாரோ ஏறுகிறார்கள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஊரே கூப்பிடும் பெயரில் அவர் அவளைக் கூப்பிட முடியாது. அவளுடைய சொந்தப் பெயர் நாக்குக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

ரோட்டோரம் காலி.

சின்னவள் பின்னால் வந்து அவர் கையைப் பிடித்தாள். "அம்மா எங்கப்பா?"

அவர் பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் நேரே பார்த்தாள். "தோ" என்று கையை நீட்டினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஐஸ் பெட்டியைத் தாண்டி, ஈர மணலில், பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். சத்தமே இல்லாமல் வந்ததால் அவள் யாரோ என்றுதான் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் சாவிக்காரர். காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டிருந்தார். இடுப்பு வெறுமையாக இருந்தது. சின்னவள் அதற்குள் தண்ணீரில் இருந்தாள்.

"சாவி எங்க?"

"பெரியவகிட்ட குடுத்துட்டேன். அவ பாத்துப்பா."

அக்கா கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "அவ கையைப் பாத்தீங்களா? ஒரே நாள்தான். சோப்பு தின்னிருக்கு."

அவர் திரும்பி விடுதியைப் பார்த்தார்.

"ஒரு நாள் வேணும்னு நான் கேட்டது என் ஒருத்திக்கா? அவகிட்ட அதைக் குடுத்துட்டு இங்க வந்து உக்காந்தா, நான் எழுந்து போன இடத்துல அவ உக்காந்த மாதிரிதானே? நானும் இப்படித்தான். ஒரு நாளைக்குப் பாத்துக்கோன்னுதான் உங்கம்மா துடைப்பத்தைக் குடுத்தாங்க."

"அப்ப நான் போயி உக்காரட்டா?"

"நீங்க போனா மறுபடி அஞ்சு நிமிஷம்."

"என்னதான் பண்ணச் சொல்றே?"

"சாத்துங்க."

"எதை?"

"முன்கதவை. இருக்கறவங்க இருக்கட்டும், அவங்கவங்க சாவி அவங்கவங்ககிட்ட இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு இன்னைக்கு ஆள் இல்லைன்னு எழுதிப் போடுங்க. அவளைக் கூட்டிட்டு வாங்க."

"அந்தக் குழந்தைக்குப் பால்..."

"காய்ச்சி பிளாஸ்க்குல ஊத்தி மேல வச்சிட்டு வாங்க. அவ்வளவுதான். வேற எதைப் பாத்தாலும் நிக்காதீங்க. சல்லடை அடைச்சிருந்தாலும் நிக்காதீங்க."

அவர் எழுந்து போனார். அக்கா அவரை எதிர்பார்க்காமல்தான் இருந்தாள். ஆனால் அவர் வந்தார். பெரியவளும் வந்தாள், துடைக்காத கையோடு, ஏதோ தப்பு செய்துவிட்டவள் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

"அம்மா, மாடியில துணி காயுதும்மா."

"காயட்டும். உப்புத் தண்ணியில கையை வை. முதல்ல எரியும், அப்புறம் சரியாயிடும்."

பெரியவள் கையை நனைத்து "ஸ்ஸ்" என்றாள். சின்னவள் அவள் மேல் தண்ணீரை வாரி இறைத்தாள். அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐஸ்காரர் தானாகவே நான்கு ஐஸோடு வந்து, "இன்னைக்கு விடுதியே சும்மா வந்திருக்கு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவிக்காரருக்குக் கடற்கரையில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. காலை மடக்கினார், நீட்டினார். கை அடிக்கடி இடுப்பைத் தடவிப் பார்த்தது. ஐஸ் உருகி முழங்கையில் ஓடியது.

"பஸ்ல ஏறிட்டேன்னு நினைச்சேன்" என்றார்.

"ஏறலாம்னுதான் போனேன்."

"அப்புறம்?"

"ஈரத் துணியோட எங்க ஏறுறது? சீட்டெல்லாம் மணலாயிடும். யாராவது துடைக்கணும்ல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. களைப்பாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"சீசன் முடிஞ்சதும் தங்கச்சி வீட்டுக்குப் போவேன்" என்றாள். "பத்து நாள். சொல்லிட்டேன்."

"போ."

"பெரியவளை மேல படிக்க அனுப்பணும்."

"அனுப்பலாம்."

"ஆள் வைக்கணும் துணிக்கு."

"வைக்கலாம்." ஐஸ் குச்சியை மணலில் குத்திவிட்டு, "அதுவரைக்கும் நான் உதறுறேன்" என்றார்.

"நீங்களா? ஒரு நாள் தாங்குவீங்களா, பாப்போம்."

மத்தியானம் தாண்டியதும் காற்று மாறிற்று. அதுவரை தரையிலிருந்து வீசியது, நின்று, கடலிலிருந்து அடிக்க ஆரம்பித்தது. அக்காவின் கழுத்து முடி பின்னாலிருந்து முன்னால் வராமல் முன்னாலிருந்து பின்னால் போனது. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. இந்தக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். தினமும் இது திரும்புவதற்குள் மாடித் துணிகளை எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி உதற வேண்டும், மறுபடி துவைக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தார்கள். விடுதியின் மொட்டை மாடியில் விரிப்புகள் வயிறு புடைத்து அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் ஒரு முனை கிளிப்பிலிருந்து விடுபட்டுப் படபடத்தது. ஆறாம் நம்பர் பால்கனிக்கு அந்த இளம்பெண் ஓடிவந்தாள். இடுப்பில் குழந்தை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அக்கா! அக்கா! துணி பறக்குது!"

சாவிக்காரர் பாதி எழுந்தார். அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்தாள். அவர் உட்கார்ந்தார். அவள் கால்தான் மணலில் ஒருமுறை துடித்தது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, இரண்டு கையாலும் ஈர மணலை வாரி அந்தக் கால்மேல் போட்டு அமுக்கினாள்.

"அக்கா!"

அக்கா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"யாரையோ கூப்பிடறாங்க" என்றாள்.